மீட்டு அடங்கிய பிறகு

“பின்னாடி மழை பெய்யுதாப்பா?” என்று கேட்டார் அத்தை. மே மாதம், இரவு பதினொன்றரை மணி, நங்கநல்லூர். மழைக்கு வழியே இல்லை. அப்போதுதான் அவர் வாசித்த சஹானாவைப் பதிவு செய்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டியிருந்தேன்.

“மழை இல்லை அத்தை, மெஷின் சத்தம்.”

“அப்ப மெஷினை நிறுத்திட்டு எடேன்.”

எழுபது வயதுக்காரரின் இந்தத் தீர்ப்புக்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்த நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் ஒரே குரலில் ப்ரீஆம்பைக் குற்றம் சொன்னார்கள். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னழுத்தத்தை ஆயிரம் மடங்கு வரை பெருக்கித் தரும் முதல் கட்டம்தான் ப்ரீஆம்ப். வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு அது தனிப் பெட்டியாக இருப்பதில்லை. கம்ப்யூட்டரோடு யுஎஸ்பியில் இணையும் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. “அந்த இன்டர்ஃபேஸில் அப்படித்தான் வரும், நல்ல ப்ரீஆம்ப் தனியாக வாங்கு” என்றார்கள். விலை கேட்டேன். வாங்கவில்லை. வாங்குவதற்கு முன் இந்த மழை எங்கிருந்து பெய்கிறது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தேடியதில் கிடைத்ததைக் கீழே எழுதுகிறேன். ப்ரீஆம்புக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. ஆனால் வீட்டு ஸ்டூடியோவில் நடக்கும் குற்றங்களில் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் முடிவு.

முதலில், இந்தப் பேச்சு ஏன் வீணையில் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். மிருதங்கத்தைப் பதிவு செய்கிறவர் ப்ரீஆம்ப் இரைச்சலைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. தொப்பியில் ஒரு அடி விழுந்தால் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைக்கத்தான் கை போகும். நாதஸ்வரம் என்றால் கேட்கவே வேண்டாம். வயலினில் வில் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒலி அறாது. வீணை அப்படியில்லை. ஒரு தடவை மீட்டினால், ஒலி அந்தக் கணமே தேயத் தொடங்குகிறது. தேய்ந்துகொண்டிருக்கும் அந்த நாதத்தை இடது கை மெட்டின் மேல் இழுத்து இழுத்து மூன்று நான்கு ஸ்வரங்களாக்குகிறது. ஒரே மீட்டில் கடைசியாக வரும் காந்தாரம், முதலில் வந்த ரிஷபத்தைவிட எத்தனையோ மடங்கு மெலிந்தது. ராகத்தின் முகம் தெரிவது பெரும்பாலும் அந்த மெலிந்த இடத்தில்தான். கிதாரிலும் ஒலி தேயும். ஆனால் தேய்ந்த பிறகும் அதில் பாட்டு நடந்துகொண்டிருப்பதில்லை. ஆக, அடியில் ஓடும் இரைச்சல் மற்ற வாத்தியங்களில் அழுக்கு என்றால், வீணையில் அது இசையையே தின்கிறது.

வீணை தனம்மாளின் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த கச்சேரிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மைக் இல்லை, கூடத்தில் கொஞ்சம் பேர், அசையாத அமைதி. அந்த வாசிப்பின் சத்தமே அவ்வளவுதான். கேட்கிறவர்கள் அதற்கேற்ப அடங்கி உட்கார்ந்தார்கள். ரசிகர்கள் செய்த அந்த வேலையை இன்று நம் அறையும் கருவிகளும் செய்ய வேண்டியிருக்கிறது.

இரைச்சலின் வேருக்கு வருவோம். 1920-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் என்பவர் ஒரு விஷயத்தை அளந்தார். மின்தடை ஒன்றை மேசைமேல் சும்மா வைத்து, அதில் எந்த மின்சாரமும் பாய்ச்சாமல் இரு முனைகளிலும் அளந்தால், அங்கே ஒரு சிறு மின்னழுத்தம் துடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைவதன் விளைவு அது. அதே ஆய்வகத்தில் இருந்த ஹாரி நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928-ல் வெளியாயின. (இருவரும் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல்.) தடையின் அளவு, வெப்பநிலை, நாம் கேட்கும் அலைவரிசையின் அகலம் ஆகிய மூன்றும் தெரிந்தால் இரைச்சல் இவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். தடை எந்தப் பொருளால் ஆனது, யார் செய்தது, என்ன விலை என்பதற்கெல்லாம் சூத்திரத்தில் இடமில்லை.

மைக்கும் ஒரு தடைதான். 150 ஓம் என்று எடுத்துக்கொண்டு, காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிட்டால், 0.22 மைக்ரோவோல்ட் வருகிறது. ஒலிக்காரர்களின் அளவுகோலில் ஏறத்தாழ −131 டிபியூ. இது இயற்கை போட்ட தரை. உலகின் எந்த ப்ரீஆம்பும், அது தங்கத்தில் செய்ததாகவே இருந்தாலும், அந்த மைக்கோடு சேரும்போது இதற்குக் கீழே போக முடியாது. சென்னை வெயிலால் இரைச்சல் கூடுமோ என்று ஒரு நண்பர் கேட்டார். கூடும். 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் 0.2 டெசிபெல். ஏசி போட்டு அதைத் தடுக்கலாம் என்று நினைத்தால் ஏசியின் உறுமல் அதைப்போல் ஆயிரம் மடங்காக உள்ளே வரும். மைக்கை −196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தாலும் ஆறு டெசிபெல்கூடக் குறையாது.

இப்போது கடையில் விற்கும் பெட்டிகளைப் பார்ப்போம். ப்ரீஆம்பின் இரைச்சலை ‘உள்ளீட்டுக்குச் சமமான இரைச்சல்’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். விவரத் தாளில் இஐஎன் என்று போட்டிருக்கும். இன்று வீட்டுக்காரர்கள் வாங்கும் சாதாரண இன்டர்ஃபேஸ்களில் அது −127, −128 என்று இருக்கிறது. இயற்கையின் தரைக்கு மூன்று நாலு டெசிபெல் மேலே, அவ்வளவுதான். காரணம், உள்ளே இருக்கும் சிப்பு. தாட் 1510, ஐஎன்ஏ217 போன்ற சிப்புகளின் சொந்த இரைச்சல், 150 ஓம் தடையின் இரைச்சலைவிடக் குறைவு. ஐம்பது ஆண்டுகளாகப் பாட்டுலகம் கும்பிட்டுவரும் நீவ் 1073-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்று தரப்படும் எண் −125-ஐ ஒட்டியது. மலிவுப் பெட்டியைவிட அது ‘சத்தமானது’. அதை வாங்குகிறவர்கள் அதன் டிரான்ஸ்ஃபார்மர் ஒலிக்குச் சேர்க்கும் கனத்துக்காக வாங்குகிறார்கள். அமைதி வேண்டி அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

இந்த எண்களை நம்பும் முன் ஒரு எச்சரிக்கை. காதின் உணர்வுக்கு ஏற்ப எடை போட்டு (‘ஏ-வெயிட்டட்’) அளந்தால் எண் இரண்டு டெசிபெல் அழகாகிவிடும். 150 ஓமுக்குப் பதிலாக உள்ளீட்டை ஷார்ட் செய்து அளந்தால் இன்னும் அழகாகும். எல்லாரும் கெயினை உச்சத்தில் வைத்துத்தான் அளக்கிறார்கள். குறைந்த கெயினில் இதே எண் மோசமாகிவிடும். ஆகவே இரண்டு விவரத் தாள்களில் இரண்டு டெசிபெல் வித்தியாசம் இருந்தால் அதைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம்.

சரி, −128 என்பது அறையில் எவ்வளவு சத்தத்துக்குச் சமம்? இந்தக் கேள்வியைத்தான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். விடை ப்ரீஆம்பில் இல்லை, மைக்கில் இருக்கிறது. ஒரே அளவு ஒலிக்கு வெவ்வேறு மைக்குகள் வெவ்வேறு மின்னழுத்தம் தருகின்றன. 94 டெசிபெல் ஒலிக்கு, 1965-லிருந்து மேடைகளில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஷூர் எஸ்எம்57 டைனமிக் மைக் ஏறத்தாழ 1.6 மில்லிவோல்ட் தரும். ரோட் என்டி1-ஏ போன்ற பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் 25 மில்லிவோல்ட் தரும். −128 டிபியூ என்றால் 0.31 மைக்ரோவோல்ட். வகுத்துப் பார்த்தால், டைனமிக் மைக்கோடு சேரும்போது ப்ரீஆம்பின் இரைச்சல் அறையில் 20 டெசிபெல் அளவுக்கு யாரோ ஓயாமல் ‘உஸ்’ என்று சொல்வதற்குச் சமம். கண்டென்சர் மைக்கோடு சேரும்போது அதே ப்ரீஆம்பின் இரைச்சல் −4 டெசிபெல். அதாவது, மனிதக் காது கேட்கும் எல்லைக்கே கீழே. அந்தக் கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபெல் என்று அதன் தாளே சொல்கிறது. 5 பேசும் இடத்தில் −4-இன் குரல் எடுபடாது. நியூமன் கேஎம்184 போன்ற சின்ன டயஃப்ரம் மைக்கின் சொந்த இரைச்சலோ 13 டெசிபெல். அதோடு சேரும்போது ப்ரீஆம்பைப் பற்றிப் பேசுவதே வீண்.

1944-ல் ஹரால்ட் ஃப்ரீஸ், அவரும் பெல் ஆய்வகத்துக்காரர்தான், வானொலிப் பெட்டிகளுக்காக எழுதி வைத்த கணக்கும் இதையே சொல்கிறது. வரிசையாகப் பல கட்டங்கள் இருந்தால், முதல் கட்டம் போதுமான அளவு பெருக்கிக் கொடுத்துவிட்டால், பின்னால் வருபவற்றின் இரைச்சல் கணக்கில் வராது. கண்டென்சர் மைக்கின் உடலுக்குள்ளேயே ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. 48 வோல்ட் ஃபாண்டம் பவர் அதற்குத்தான் போகிறது. முதல் கட்டம் அங்கே முடிந்துவிடுகிறது. இன்டர்ஃபேஸில் இருப்பது இரண்டாம் ஆள். டைனமிக், ரிப்பன் மைக்குகளில்தான் ப்ரீஆம்ப் முதல் ஆள், முழுப் பொறுப்பும் அதன் தலையில்.

அன்று அத்தைக்கு முன்னால் நான் வைத்திருந்தது டைனமிக் மைக். “அது முரட்டு மைக், அறைச் சத்தத்தை எடுக்காது” என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு முழம் தள்ளி வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டும் கணத்தில் மைக்கிடம் 65 டெசிபெல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மைக் தருவது 57 மைக்ரோவோல்ட். கமகத்தின் வால் 35-க்கு இறங்கும்போது 1.8 மைக்ரோவோல்ட். அடியில் 0.31 இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. 20-க்கு இறங்கினால் இரண்டும் கிட்டத்தட்டத் தோளோடு தோள். அத்தை கேட்ட மழை அதுதான். ஆக, ப்ரீஆம்பைக் குற்றம் சொன்ன நாலு பேரும் அன்றைக்குச் சரி. காரணம் மட்டும் தவறு. எஸ்எம்57-இன் உண்மையான தடை 310 ஓம் என்று அதன் தாளில் இருக்கிறது. அந்தத் தடையின் இரைச்சலே 0.3 மைக்ரோவோல்டைத் தொட்டுவிடும். லட்ச ரூபாய் ப்ரீஆம்ப் வாங்கியிருந்தாலும் ஒன்றோ இரண்டோ டெசிபெல்தான் குறைந்திருக்கும். மழை தூறலாகக்கூட மாறியிருக்காது.

மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் செருகும் க்ளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டர்களைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். அவை ஃபாண்டம் பவரை எடுத்துக்கொண்டு 25 டெசிபெல் போலக் கூட்டித் தருகின்றன. பழைய மிக்ஸர், கேமராவின் மைக் துளை, லேப்டாப்பின் துளை ஆகியவற்றில் ப்ரீஆம்ப் உண்மையிலேயே மோசம். அங்கே பூஸ்டர் கைகொடுக்கும். கெயின் குமிழின் கடைசிக் கால் திருப்பில் இரைச்சல் திடீரென்று எகிறும் பெட்டிகளிலும் உதவும். ஏற்கெனவே −128-ல் இருக்கும் பெட்டியில் செருகினால் பணம் குறைவதுதான் தெளிவாகத் தெரியும்.

கெயின் குமிழைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: குமிழைக் குறைத்து எடுத்தால் இரைச்சல் வராது, பிறகு கம்ப்யூட்டரில் கூட்டிக்கொள்ளலாம் என்று. குறைத்தால் வீணையும் குறைகிறது. பிறகு கூட்டும்போது இரண்டும் சேர்ந்தே ஏறும், கூடவே ஒலியை எண்களாக மாற்றும் பகுதியின் இரைச்சலும். இதற்கு நேர் எதிரான பழக்கமும் தவறுதான். 16 பிட் காலத்தில், மீட்டர் சிவப்பைத் தொடும் வரை ஏற்றியவர்கள் இன்றும் அப்படியே ஏற்றுகிறார்கள். 24 பிட் பதிவில் உச்சம் −12-ஐ ஒட்டி நின்றால் தாராளம்.

அடுத்த வாரம் கண்டென்சர் மைக் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஒரு சோதனை செய்தேன். வீட்டில் பதிவு செய்யும் யாரும் செய்யலாம், செலவு சில ரூபாய்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி, எக்ஸ்எல்ஆர் பிளக்கின் 2, 3 முனைகளுக்கு நடுவில் பற்றவைத்தேன். மைக்குக்குப் பதில் அதைச் செருகி, ஃபாண்டம் பவரை அணைத்துவிட்டு, பத்து வினாடி பதிவு. ப்ரீஆம்ப் தனியாக இருக்கும்போது எப்படி மூச்சு விடுகிறது என்பது அதுதான். பிறகு மைக்கைச் செருகி, இரண்டு ரஜாயில் சுற்றி, துணி அடைத்த மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரவு இரண்டு மணி. இன்னொரு பத்து வினாடி. மூன்றாவதாக, மைக்கை ஸ்டாண்டில் மாட்டி அறை நடுவில் வைத்து, யாரும் வாசிக்காமல் பத்து வினாடி. கெயின் மூன்றுக்கும் ஒன்றே. கம்ப்யூட்டர் திரையில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன். முதலாவது கோடு. இரண்டாவது கொஞ்சம் தடித்த கோடு. மூன்றாவது கம்பளிப்பூச்சி.

கம்பளிப்பூச்சிதான் நம் வீடு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் வரை அனுமதிக்கின்றன. சட்டத்தை மதிக்கும் அமைதியான தெருவிலேயே, மைக்கின் சொந்த இரைச்சலைவிட 40 டெசிபெல் அதிகம். ஜன்னலைச் சாத்தினால் கொஞ்சம் இறங்கும். நள்ளிரவில், எல்லாம் அணைந்த பிறகு, நம் ஊர் அறை 30-ஐத் தொட்டால் பெரிய விஷயம். சீலிங் ஃபேனைப் போட்டால் 40-ஐத் தாண்டும். நங்கநல்லூரில் விமானம் வேறு. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ப்ரீஆம்பின் −4 டெசிபெலைப் பற்றி விவாதிப்பது, திருவிழாக் கூட்டத்தில் கைக்கடிகாரத்தின் டிக் டிக் தொந்தரவு என்று புகார் சொல்வது மாதிரி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அறைச் சத்தம் 30, டைனமிக் மைக்கோடு ப்ரீஆம்ப் 20 என்றால், 20 என்பது 30-க்குள் மூழ்கிவிட வேண்டாமா? இரண்டையும் சேர்த்தால் 30.4-தானே வருகிறது. பிறகு அத்தைக்கு எப்படிக் கேட்டது? கேட்டதற்குக் காரணம், இரண்டு சத்தங்களின் நிறம் வேறு. அறையின் சத்தம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயி: தூரத்து லாரி, ஃபிரிட்ஜ், மாடியில் ஓடும் மோட்டார். நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே அறை ஏறத்தாழ காலி. ப்ரீஆம்பின் ‘உஸ்’, அதாவது ஹிஸ், எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியது. அந்தக் காலி இடத்தில் அது தனியாக நின்று தெரியும். எண்கள் மட்டும் போதாது என்பதற்கு இது ஒரு சாட்சி. எழுபது வயதுக் காதுக்கே அது கேட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹிஸ் அல்லாத இரைச்சல்களையும் பலர் ப்ரீஆம்பின் கணக்கிலேயே எழுதுகிறார்கள். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடினால் அது ஹம். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ‘ஸ்ர்ர்ர்’ என்று ரம்பம் போல அறுத்தால் பஸ். சுழற்றிக் குறைக்கும் ரகத்து எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மின் அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு கேபிளில் பஸ்ஸாக ஏறும். பக்கத்து அறை ஃபேன் பாதி வேகத்தில் ஓடினாலும் போதும். மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்த பழைய இன்வெர்ட்டர்களில் பலவும் பேட்டரியில் ஓடும்போது சதுர அலை தருபவை. அப்போது பதிவு செய்தால் தேனீக்கூடு. லேப்டாப் உடம்பைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்றால், எர்த் இல்லை என்று பொருள். மூன்று துளைப் பிளக்பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடவிட்டு எடுத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ப்ரீஆம்ப் நிரபராதி.

வீணைக்குள் ஒட்டிவைக்கும் பீசோ பிக்கப் இன்னொரு தலைவலி. அதன் உள்தடை மிகப் பெரியது. அதை ஏற்க ஒரு மெகாஓம் அளவில் உள்ளீடு வேண்டும். இன்டர்ஃபேஸில் கிதார் படம் போட்ட சுவிட்ச் அதற்குத்தான். அதைப் போடாமல் சாதாரண லைன் துளையில் செருகினால் மந்திர ஸ்தாயி காணாமல் போகும், வாத்தியம் தகரமாகும், தகரத்தைச் சரிக்கட்டக் கெயினை ஏற்றுவார்கள், ஏற்றினால் இரைச்சல். பழி மறுபடி ப்ரீஆம்புக்கு.

கடலோர ஊர்களுக்கே உரிய ஒன்று: ஈரம். நவம்பர் மழையில் அந்த இரவல் கண்டென்சர் மைக் எண்ணெயில் கடுகு தாளிப்பதுபோலப் பொரியத் தொடங்கியது. ப்ரீஆம்ப் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். கண்டென்சர் மைக்கின் டயஃப்ரம், மிக உயர்ந்த தடைகளை நம்பி மின்னூட்டத்தைத் தாங்கி நிற்பது. ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசியும், பொரியும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்தேன், சரியாகிவிட்டது. அதிலிருந்து மைக் பெட்டிக்குள் எப்போதும் ஒரு பொட்டலம் கிடக்கிறது.

சரி, செய்யத் தக்கது என்ன? எல்லாவற்றிலும் மலிவானது தூரம். வாத்தியத்துக்கும் மைக்குக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால், ஏறத்தாழ ஆறு டெசிபெல் லாபம். 60 சென்டிமீட்டரிலிருந்து 20-க்கு வந்தால் ஒன்பதரை. எந்தக் கடையிலும் ஒன்பதரை டெசிபெல் அமைதி விற்பனைக்கு இல்லை. ஆனால் வீணையில் இதற்கும் விலை உண்டு. வீணையின் ஒலி ஒரு புள்ளியில் பிறப்பதில்லை. குடத்தின் பலகை, குதிரை, தண்டி எல்லாம் சேர்ந்து பேசுகின்றன. குதிரைக்கு ஒரு சாண் அருகே போனால் நகம் தந்தியில் படும் ‘டிக்’ பெரிதாகும். தண்டிப் பக்கம் போனால் விரல் தந்தியில் தேயும் கீச்சு. குடத்தை நேரே பார்த்தால் மந்திரம் வீங்கும். பல இடம் மாற்றி, கடைசியில் குடத்துக்கு மேலே, சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில், மெட்டுகள் முடிகிற இடத்தைச் சாய்வாகப் பார்க்கும்படி வைத்தேன். இன்னொருவரின் வீணைக்கு இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

பதிவான பிறகு இரைச்சலை எடுக்கும் மென்பொருள்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அளவோடு பயன்படுத்துகிறவர்களை மதிக்கிறேன். இந்தத் துறையின் பெரும்பெயர் ரே டால்பி. அவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். இங்கிருந்து போய் 1965-ல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார். கேசட் டெக்கில் டால்பி பொத்தானை அழுத்தி வளர்ந்த தலைமுறைக்கு அவர் பெயர் தெரியும். மெல்லிய ஒலிகளை டேப்பில் ஏற்றும்போதே தூக்கி எழுதி, படிக்கும்போது அதே அளவு இறக்குவது அவர் முறை. இடையில் டேப் சேர்த்த ஹிஸ்ஸும் சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் டேப்புக்கு முன்னாலேயே, மைக்கிலோ ப்ரீஆம்பிலோ ஏறிவிட்ட இரைச்சலை அது தொடாது. அதற்கு அது இசையின் ஒரு பகுதி.

இன்றைய மென்பொருள் வேறு வழி. வெறும் இரைச்சலைப் பத்து வினாடி காட்டி, “இந்த மாதிரி இருப்பதைக் கழித்துவிடு” என்கிறோம். அதனால்தான் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பத்து வினாடி மௌனத்தைப் பதிவு செய்யச் சொல்கிறேன். நாலைந்து டெசிபெல் கழித்தால் தெரியாது. பேராசைப்பட்டுப் பதினைந்து கழித்தால், கமகத்தின் வால் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குழறும். மென்பொருளுக்கு, தேய்ந்துகொண்டிருக்கும் காந்தாரமும் ஹிஸ்ஸும் ஒரே தட்டு. நாய்ஸ் கேட் இன்னும் மோசம்: மீட்டின்போது கதவு திறக்கும், வால் மெலியும்போது அறைந்து சாத்தும். பேச்சுக்காகப் பழக்கிய இரைச்சல் நீக்கிகளின் லட்சணம், கொரோனா காலத்தில் இணையத்தில் பாட்டு வகுப்பு நடத்தியவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் வீட்டில் தம்புரா ஓடும், மாணவர் வீட்டில் வராது. ஓயாமல் ஒரே மாதிரி ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்பது அவற்றின் சித்தாந்தம்.

தம்புராவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, எனக்கு வழி காட்டியதும் அதுதான். முதல் முறை எடுத்தபோது, சுத்தமான தடம் வேண்டும் என்று தம்புராவை ஹெட்போனில் மட்டும் அத்தைக்குக் கொடுத்து, வீணையைத் தனியாகப் பதிவு செய்திருந்தேன். சினிமாப் பாட்டுக்குச் செய்யும் வேலை. பழைய கச்சேரிப் பதிவுகளில் மட்டும் டேப் ஹிஸ் ஏன் உறுத்துவதில்லை? அங்கே தம்புரா பாடிக்கொண்டே இருக்கிறது. ஜீவாளி சேர்ந்த தம்புரா மேல் ஸ்தாயி வரை இழை இழையாக ஒலிக்கும். ஹிஸ் குடியிருக்கும் காலி இடத்தை அதுவே நிரப்பிவிடுகிறது. காது அதைத் தாண்டிக் கீழே தேடுவதில்லை. தம்புராவை எடுத்துவிட்டு அமைதியைத் தேடிய நான்தான் ஹிஸ்ஸுக்குத் திரை விலக்கி மேடை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் பதிவு ஜூலையில். ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜை ஒரு மணி நேரத்துக்கு அணைத்தோம், லேப்டாப் பேட்டரியில். சுவர் ஓரமாக இரண்டு மெத்தைகளை நிறுத்தினேன். தம்புரா அதே அறையில், அத்தைக்குப் பின்னால், என் பெண் மீட்ட. அதே இன்டர்ஃபேஸ், அதே ப்ரீஆம்ப். மறுபடி சஹானா.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவர் பாதியில் கையை உயர்த்தினார். மழை இல்லை. ஆனால் மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போதெல்லாம் ‘க்ளிங்’ என்று ஒரு சத்தம். இத்தனை வருஷமாக அது கேட்டதே இல்லை என்றார். இடது கை வளையல்.

வளையலைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். அடுத்த டேக்கில் அவர் மூச்சு கேட்டது, ஒவ்வொரு மீட்டுக்கும் சற்று முன்னால். அதை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.